கொட்டகையில் கிடக்கும் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் பழைய கார்களைத் தேடிப் பிடித்துச் சீரமைப்பது பற்றி வாசகர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இவ்வளவு உழைப்பையும் பணத்தையும் போட்டால் நன்றாக ஓடுகிற கார் ஒன்றையே வாங்கிவிடலாமே? புதர் மண்டிக் கிடக்கும் காரில் அப்படி என்ன ஈர்ப்பு?

பணக் கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. முழுச் சீரமைப்புக்கு ஆகும் செலவு, சீரமைத்து முடித்த காரின் விலையைப் பெரும்பாலும் தாண்டிவிடும். லாபம் பார்க்க இதில் இறங்க நினைப்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வோம்.

ஈர்ப்புக்குக் காரணங்கள் வேறு. 1950கள், 60களில் வந்த ஒரு சாதாரண காரின் பானெட்டைத் திறந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கம்பி இழுபடுவதையும், கார்புரேட்டர் வாயில் தகடு திறப்பதையும் பார்க்கலாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினால், பாயின்ட் எனும் சிறு மின்தொடுப்பு திறந்து மூடுவது தெரியும். ஒரு பாகம் கெட்டால் அதைப் பிரித்து, உள்ளே தேய்ந்த ஆயில் சீல் அல்லது புஷ்ஷை மட்டும் மாற்றி மறுபடி பூட்டலாம். பொறுமையுள்ள ஒருவர் சாதாரண ஸ்பேனர் செட்டோடு முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம் அது.

இன்னொரு காரணத்தை அனுபவப்பட்டவர்கள்தான் அறிவார்கள். கைவிடப்பட்ட காரில் வேறு யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டே இருந்த காரில் பத்துப் பேர் பத்து விதமாக வயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அளவு மாறிய போல்ட்டைத் திணித்திருப்பார்கள். ஓட்டையைப் பட்டி போட்டு மூடியிருப்பார்கள். முப்பது வருடம் கொட்டகையில் நின்ற காரில் தொழிற்சாலையில் சாக்பீஸால் எழுதிய குறி கூடச் சில சமயம் இருக்கையின் அடியில் அப்படியே இருக்கும். துரு எங்கிருந்து தொடங்கியது என்பதையும் அதில் தெளிவாகப் படிக்க முடியும். கார் நின்று கெட்டதைச் சரிசெய்வது எளிது. அவசரக் கைகள் கெடுத்ததைச் சரிசெய்வதுதான் கடினம்.

கேள்வி: இருபது வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற கார் ஒன்று கிடைத்திருக்கிறது. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

அடிக்காதீர்கள். நல்ல நிலையில் கிடைக்கும் எஞ்சின்கள் பாழாவது பெரும்பாலும் இந்த முதல் நாளில்தான். கயிறு கட்டி இழுத்து கியரில் விடுவது இதைவிட மோசம்.

எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போய், பிஸ்டன் ரிங் வார்ப்பிரும்புச் சுவரைத் தொடும் இடத்தில் துரு கட்டும். அந்த மெல்லிய துருவளையம் போதும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் செல்ஃபின் விசையைக் கொடுத்தால் ரிங் உடையும் அல்லது சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

முதலில் ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிகளில் உள்ள மண்ணையும் எலிக்கூட்டுக் குப்பையையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள். துருப்பிடித்த பிளக் எந்தச் சிலிண்டரில் ஈரம் போனது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவு கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 25 முதல் 30 மில்லி ஊற்றுங்கள். இந்தக் கலவை நின்றால் பிரிந்துவிடும். ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சீக்கிரம் தீப்பற்றக்கூடியது, பெயின்டையும் அரிக்கும் என்பதால் கவனமாகக் கையாளுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

பிறகு எஞ்சினின் சுழல்தண்டு முனையில் இருக்கும் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளக் கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி, போல்ட் இறுகும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். அசையாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஊற வையுங்கள். கைப்பிடி மேல் குழாயை மாட்டி ஏறி நிற்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்க வேண்டும். டாப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் கையால் லேசாக ஆட்டுவது இதைவிடப் பாதுகாப்பான முறை. ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் பாதி வேலை முடிந்தது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டித்தான் முழுச் சுற்றுக்கு வர வேண்டும்.

அசைந்த மகிழ்ச்சியில் வேகமாகச் சுற்றிவிடாதீர்கள். வால்வுகளுக்கு மேலே இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் மெல்லச் சுற்ற, இன்னொருவர் ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கிய வால்வு ஏறாமல் நின்றுவிட்டால், அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும்; சில எஞ்சின்களில் பிஸ்டனே வந்து வால்வை இடிக்கும். நின்ற வால்வின் தண்டில் எண்ணெய் விட்டு, ஊறிய பிறகு மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் ஏறிவிடும்.

அடுத்து ஆயில். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் வடிகால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே தண்ணீர் இருந்தால் கறுப்பு ஆயிலுக்கு முன்னால் தெளிவாகச் சொட்டும். ஓரிரு ஸ்பூன் அளவு வந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்து தங்கியதாக இருக்கலாம். அரை லிட்டர் வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கட்டின் பழுதையோ பிளாக்கின் விரிசலையோ தேட வேண்டும். புது ஆயில், புது ஃபில்டர் போட்ட பிறகும் பிளக்குகளை மாட்டாதீர்கள். இப்போதுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் திரவம் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிளக்கோடு அடித்திருந்தால் திரவம் அமுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

பத்து விநாடி அடித்து, ஒரு நிமிடம் செல்ஃபை ஆறவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை இப்படியே தொடருங்கள். ஐந்தாறு முறை அடித்தும் முள் எழாவிட்டால் ஆயில் பம்பு காய்ந்து, உறிஞ்சும் திறனை இழந்திருக்கிறது. பம்பைத் திறந்து, பல்சக்கரங்களின் இடைவெளியை வாசலினால் நிரப்பி மூடினால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் வைக்காதீர்கள். அது ஆயிலில் சீக்கிரம் கரையாமல் சிறு துளைகளை அடைக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் நெருப்புப்பொறி வராவிட்டால், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலைச் சந்தேகிக்கும் முன் பாயின்ட்டைப் பாருங்கள். நின்ற காரின் பாயின்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். பெரும்பாலும் இதிலேயே பொறி வந்துவிடும். முதல் ஓட்டத்துக்குப் பழைய டேங்க் வேண்டாம். ஒரு சிறு கேனில் புதுப் பெட்ரோல் வைத்து, குழாய் மூலம் பம்புக்குக் கொடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பெட்ரோல் டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாசம் அடிக்கிறது. கழுவிவிட்டு ஓட்டலாமா?

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டு, மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. அந்தப் பிசின்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டையும் அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது ஈரத்தை இழுத்து, தண்ணீர் தனியே அடியில் பிரிந்து, டேங்கின் அடித்தகட்டைத் தின்றிருக்கும்.

டேங்கை இறக்கி, பழையதை வடித்து, சோப்புத் தூளும் வெந்நீரும் ஊற்றிப் பலமுறை கழுவுங்கள். பெட்ரோல் வாசம் துளியும் இல்லாத நிலை வர வேண்டும். பிறகு பத்து லிட்டர் வெந்நீருக்கு 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை சிட்ரிக் அமிலம் கரைத்து, டேங்க் நிரம்ப ஊற்றி ஒரு நாள் வையுங்கள். துரு தடிமனாக இருந்தால் கைப்பிடி அளவு நட்டுகளை முன்னதாக உள்ளே போட்டுக் குலுக்கி உதிர்த்துவிடுங்கள். போட்ட நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். அமிலத்தை வடித்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே சூடான காற்றால் காய வைக்க வேண்டும். அரைமணி நேரம் ஈரமாக விட்டாலே புதுத் துரு செம்மண் நிறத்தில் பூத்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சுழற்றிவிடுங்கள்.

ஓட்டை இருந்தால் நீங்களாக வெல்டு வைக்காதீர்கள். காலி டேங்கிலும் தகட்டின் மடிப்பில் ஒளிந்திருக்கும் ஆவி வெடிக்கும். ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய குழாய் உள்ளே உரிந்து, கறுப்புத் துகளாகக் கார்புரேட்டருக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: விற்பவர் "பாடி நல்ல ஸ்டிராங்கு" என்கிறார். பெயின்டும் நன்றாகத்தான் இருக்கிறது. எதை நம்புவது?

காந்தத்தை நம்புங்கள். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவுகள், கதவின் அடி ஓரம், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி ஆகிய இடங்களில் நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்; தகடு ணங்கென்று ஒலிக்கும், பட்டி மந்தமாகக் கேட்கும். அலுமினியப் பாடிக்கும் ஃபைபர் பாடிக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் விட பாடிதான் முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. எஞ்சின் ஒரு மேசை மேல் வைத்துச் செய்கிற வேலை. பாடி அப்படியில்லை. தனிச் சேஸிஸ் எனும் அடிச்சட்டம் இல்லாமல், தகடுகளை மடித்தே கட்டிய கார்களில் சில் பெட்டியும் தரையும்தான் காரைத் தாங்கும் உத்திரங்கள். அவை இற்றுப்போனால் கார் நடுவில் தொய்யும். இதைக் கண்டுபிடிக்கக் கதவைப் பாருங்கள். கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் இருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கூரையில்லாத கார்களில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அடுத்து, கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறதா, கீல் பிடித்திருக்கும் தூணே அசைகிறதா என்று பிரித்தறிய வேண்டும். கீல் என்றால் சிறிய வேலை.

கார்ப்பெட்டைத் தூக்காமல் எந்தக் காரையும் வாங்காதீர்கள். ஓட்டுநர் கால் வைக்கும் மூலை, விண்ட்ஸ்கிரீனின் கீழ் மூலைகள், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம். உரிமையாளர் அனுமதித்தால் ஸ்குரூடிரைவரால் இந்த இடங்களை அழுத்திப் பாருங்கள். அடிப்பாகத்தில் தடிமனான கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வரும். பெயின்டில் நாணய அளவு கொப்புளம் தெரிந்தால், பின்புறம் உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும் என்றே கணக்கிடுங்கள்.

சில் பெட்டியை வெட்டி மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டைகளை வெல்டு வைத்து முட்டுக்கொடுக்காமல் சில்லை வெட்டினால், பாடி அப்போதே நகர்ந்துவிடும். புதுச் சில்லை ஒட்டிய பிறகு கதவு மூடாது. அதைத் திருத்த ஒட்டியதை எல்லாம் மறுபடி வெட்ட வேண்டிவரும். கார் சக்கரங்களின் மேலோ, அதே எடைநிலையிலோ இருக்கும்போதே முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் முழுதாக முடித்தபின் மறுபக்கத்துக்குப் போங்கள். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டு வைத்தால் சூட்டில் தகடு நெளியும். ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, நடுவே நிரப்பி வர வேண்டும்.

கேள்வி: பிரேக் பெடல் கெட்டியாகவே இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. டாட் 4 எனும் தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் நீராவி சேர்ந்து, பெடல் தரைவரை போகும். அந்த ஈரமே, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் சிறு பள்ளங்களாக அரித்திருக்கும். புது ரப்பர் போட்டாலும் பள்ளம் அதைக் கிழித்துவிடும். ஆகவே சிலிண்டர்களை மாற்றுங்கள்.

ரப்பர் ஹோஸ்களையும் கட்டாயம் மாற்ற வேண்டும். அவை உள்ளே வீங்கி, ஒருவழி வால்வு போல ஆகிவிடும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகும்போது பலர் வீல் சிலிண்டரைப் பழிப்பார்கள், குற்றவாளி ஹோஸ்தான். பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், ஊதிப்போகும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றால் ஊதாமல், நனைத்துத் துடைத்து எடுங்கள்.

கேள்வி: பழைய எஞ்சினுக்கு இன்றைய விலையுயர்ந்த ஆயில் ஊற்றினால் நல்லதுதானே?

பெரும்பாலும் இல்லை. பழைய எஞ்சின்களில் வால்வைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட்டின் மூக்கு, டப்பெட் எனும் தட்டையான தள்ளுகட்டை மேல் உரசிக்கொண்டே சுழலும். அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். அது எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் அளவு 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு உண்டு. பழைய எஞ்சினுக்கு 0.10 முதல் 0.12 வரை உள்ள, 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயில் ஏற்றது. கியர்பாக்ஸில் பித்தளை வளையம் இருந்தால் ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் போதும். ஜிஎல்-5 பல சமயம் பித்தளையை அரிக்கும்.

கேள்வி: பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் மாட்டியிருக்கிறது. யாரோ தவறாக மாட்டினார்களா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு சேரும் முனை. கையேட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பேட்டரி கொடுங்கள். முதல் முறை கொடுக்கும்போது, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை வரிசையில் மாட்டுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைத்திருக்கும்போதே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பல்பு இல்லாமல் கொடுத்திருந்தால் எலி கடித்த வயர் எரிந்திருக்கும்.

கேள்வி: பாடி தப்பித்துவிட்டது, பெயின்ட் மட்டும் மங்கிக் கிடக்கிறது. முழுதாகச் சுரண்டிப் புதுசு போலப் பெயின்ட் அடிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஃபிரான்சில் ரோஜர் பையோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர், அருங்காட்சியகம் அமைக்கும் எண்ணத்தில் கார்களைச் சேர்த்தார். தொழில் நொடித்துப்போய், மிச்சமிருந்தவை கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2014இல் அவை வெளியுலகுக்குத் தெரியவந்து, 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் போயின. பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 1961ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர்தான் அன்று மிக அதிக விலைக்குப் போனது. அந்தக் கார்களை யாரும் மெருகேற்றாமல், தூசியோடேயே ஏலத்தில் நிறுத்தினார்கள்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே வழியைத்தான் காட்டுகிறது: இருப்பதைப் பாதுகாப்பது முதலில், முழுச் சீரமைப்பு தேவையான இடத்தில் மட்டும்.

ஆகவே முதலில் மிதமான சோப்பு நீரால் கழுவுங்கள். டிக்கி மூடியின் உட்பக்கம் போன்ற மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு இல்லாத பழைய பெயின்ட். மங்கல் மேற்பரப்பில் மட்டும்தான், தேய்த்தால் மீளும். ஆனால் ஓரங்களில் அடிநிறம் தெரியத் தொடங்கினால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர் தேய்ப்பு வேண்டாம். குரோமில் உள்ள துருப் பொட்டுகளை நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தால் போகும். அடித்தகடு வெளியே தெரிந்து துருவேறிய இடங்களுக்கு மட்டும் சிகிச்சை செய்து, அதே நிறத்தில் சிறு தூரிகையால் மூடுங்கள்.

கேள்வி: முழுதாகப் பிரித்துவிட முடிவு செய்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

ஆவணத்திலிருந்து. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் போல்ட்டைத் தொட வேண்டும்.

பிரிக்கும் முன் ஒவ்வொரு பகுதியையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே மூன்று என்று படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, "முன் இடது மட்கார்டு, மேல் வரிசை, 5 போல்ட், 1 ரப்பர் வாஷர்" என்று காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பைக்கு மேல் மார்க்கரால் எழுதியது எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். தேய்ந்த பழைய பாகத்தையும், புதியது வந்து சரியாகப் பொருந்தும்வரை எறியாதீர்கள். புதிதாகச் செய்து விற்கும் பாகங்களில் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம், அளவெடுக்க அந்தப் பழையது ஒன்றுதான் இருக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிரிக்காமல், பிரேக் முடிந்தபின் ஸ்டியரிங், அது முடிந்தபின் எஞ்சின் என்று போங்கள். பாதியில் நின்ற சீரமைப்புகள் பலவற்றில் கார் முழுவதும் ஒரே மாதத்தில் பெட்டிகளுக்குள் போயிருக்கும்.